தாபரிப்புக் கட்டளையும் சம்பளப் பிடிப்பும்
(சட்டம் அறிவோம் – மாதர் சங்கங்களிலும் தோட்டக் கூட்டங்களிலும் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)



தாபரிப்பு வழக்குப் போட்டு, பல தவணைகள் கோட்டுக்கு அலைந்து, கடைசியில் "மாதம் இவ்வளவு கொடுக்க வேண்டும்" என்று நீதவான் கட்டளை கொடுத்த பின்னும் ஒரு சதமும் கைக்கு வராத தாய்மார் நமது தோட்டங்களில் பலர் இருக்கிறார்கள். "கேஸ் வென்டாச்சுங்க, ஆனா காசு மட்டும் வரல்லியே" என்று நம்மிடம் வந்து சொல்கிறார்கள். ஒரு மாதம் கொடுப்பார், மூன்று மாதம் கொடுக்கமாட்டார். கேட்டால், "கையில இல்ல, அடுத்த சம்பளத்துக்குப் பாப்பம்" என்பார். அதற்குள் பிள்ளையின் கொப்பி, சப்பாத்து, பால்மா எல்லாவற்றுக்கும் கடையில் கடன் ஏறிவிடும்.

கட்டளை கிடைப்பது ஒரு வேலை. கட்டளைப்படி காசைப் பெற்றுக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்குச் சட்டம் தந்திருக்கும் வழிகளில், மாதச் சம்பளம் வாங்குகிறவரின் விடயத்தில் கூடுதலாகப் பயன்படுவது சம்பளப் பற்றுகைக் கட்டளை. அதாவது, சம்பளம் அவர் கைக்குப் போகும் முன்பே குறித்த தொகையைப் பிடித்து மனைவி பிள்ளைகளுக்குச் சேர்க்கும்படி தொழில்கொள்வோருக்கு நீதிமன்றம் இடும் கட்டளை. இந்த இதழில் அதைப் பற்றிப் படிப்போம்.

1. எந்தச் சட்டம்?

நமது நாட்டில் இதற்குரியது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். அதற்கு முன் 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நூறு வருடங்களுக்கு மேலாக நடைமுறையில் இருந்தது. பழைய சட்டத்தில் மனைவியும் பிள்ளைகளும் மட்டுமே கேட்கலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டம் இதை விரிவாக்கியது. இதன்படி தாபரிப்புக் கேட்கக்கூடியவர்கள்:

அ. தன்னைத் தானே பராமரிக்க முடியாத வாழ்க்கைத் துணை. மனைவி மட்டுமல்ல, கணவனும் கேட்கலாம். வசதியுள்ளவர் மற்றவரைக் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும்.

ஆ. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை. தாய் தகப்பன் கலியாணம் முடிக்காமல் பிறந்த பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் இன்னார்தான் தகப்பன் என்பதை நீதவான் திருப்திப்படும் அளவுக்கு நிரூபிக்க வேண்டும்.

இ. 18 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட, தன் செலவைத் தானே பார்க்க முடியாத பிள்ளை. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைகள் இதில் அடங்கலாம். "பதினெட்டு முடிஞ்சிருச்சு, இனி கேக்க ஏலாது" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

ஈ. உடல் அல்லது மனக் குறைபாட்டினால் தன்னைப் பராமரிக்க முடியாத பிள்ளை.

வயதான தாய் தகப்பனுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். அதை இங்கே விரிக்கவில்லை.

மனைவி தனக்காகக் கேட்பதில் இரண்டு தடைகள் உண்டு. அவர் வேறொருவருடன் தொடர்பு வைத்து வாழ்ந்தாலோ, இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தாலோ, அவருக்கென்று கட்டளை கிடைக்காது. ஆனால் பிள்ளைகளின் உரிமை இதனால் போய்விடாது. பிள்ளையின் சாப்பாடு வேறு, தாய் தகப்பனின் சண்டை வேறு.

கலியாணம் பதியாதவர்கள் நம்மிடையே அநேகர். கோவிலில் தாலி கட்டிச் சம்பிரதாயப்படி நடந்த திருமணத்தையும் நமது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் அது நடந்தது என்பதைக் காட்ட வேண்டும். கலியாணத்தை நடத்திவைத்த ஐயர், வந்திருந்த உறவினர், படங்கள், அழைப்பிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தகப்பன் பெயர் ஆகியவை உதவும்.

2. கட்டளை எப்படிக் கிடைக்கிறது?

வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். கணவன் கொழும்பில் இருந்தாலும், ஹட்டனில் இருக்கும் தாய் ஹட்டன் நீதவான் நீதிமன்றத்திலும், பண்டாரவளையில் இருப்பவர் பண்டாரவளையிலும் போடலாம். நீதிமன்றம் மறுபக்கத்தாருக்கு அழைப்பாணை அனுப்பும். அவர் வந்து ஒப்புக்கொண்டால் அன்றைக்கே தொகை தீர்மானமாகலாம். மறுத்தால் விசாரணை நடக்கும். அவருடைய வருமானம், உங்களுடைய வருமானம், பிள்ளைகளின் தேவை ஆகியவற்றைப் பார்த்து நீதவான் மாதத் தொகையை முடிவு செய்வார்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இது 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. வசதி குறைந்தவர்களுக்காகவே இருக்கும் அரச அமைப்பு. இதன் நிலையங்கள் பெரும்பாலும் நீதிமன்றக் கட்டடங்களிலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும். வருமானத்தைக் காட்டக் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் சம்பளச் சீட்டும் கொண்டு போங்கள்.

வழக்குச் சிங்களத்தில் நடந்தால், "எனக்கு வெளங்கல்லிங்க" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். தமிழில் மொழிபெயர்த்துத் தரும்படி கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை. என்ன தொகைக்கு ஒத்துக்கொண்டோம் என்று விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் பிறகு படும் பாட்டை நாம் பார்த்திருக்கிறோம்.

தொகை தீர்மானமாகும் நாளிலேயே மூன்று விடயங்களை வழக்கேட்டில் பதியச் சொல்லிக் கேளுங்கள். எத்தனையாம் திகதிக்குள் கட்ட வேண்டும், எந்த வழியில் கட்ட வேண்டும் (நீதிமன்றத்திலா, உங்கள் வங்கிக் கணக்கிலா), ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு என்பவைதான் அவை. கையில் கொடுக்கிறேன் என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். கையில் கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் பிறகு சாட்சி கிடையாது.

3. கட்டாமல் விட்டால் என்ன வழி?

கட்டளையைப் பெற்றவர் பேசாமல் இருந்தால் நீதிமன்றம் தானாக வந்து கேட்காது. "காசு வரவில்லை" என்று நாம் போய்ச் சொல்ல வேண்டும். அப்போது சட்டத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கட்ட வேண்டிய தொகையைத் தண்டப்பணம் அறவிடுவதுபோல அறவிடும்படி நீதவான் ஆணை பிறப்பிக்கலாம். இதில் அவருடைய பொருட்களைக் கைப்பற்றி விற்கும் நிலைமையும் வரலாம்.

இரண்டாவது, கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

மூன்றாவது, அவர் சம்பளம் வாங்கும் தொழிலில் இருந்தால், அந்தச் சம்பளத்திலிருந்து பிடித்து அனுப்பும்படி தொழில்கொள்வோருக்குக் கட்டளையிடலாம்.

மறியலில் போட வேண்டும் என்று கோபத்தில் பலர் கேட்கிறார்கள். கொடுக்க வசதியிருந்தும் வேண்டுமென்றே கொடுக்காதவருக்கு அந்தப் பயம் தேவைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மறியலில் இருக்கும் மாதம் செக்றோலில் அவருக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாவிட்டால் பிள்ளைக்கும் இல்லை. அவருடைய தாய் தகப்பனும் சொந்தக்காரரும் லயத்தில் நம் பக்கத்துக் காம்பிராவில்தான் இருப்பார்கள். "எம் மகன ஜெயிலுக்கு அனுப்பிட்டா" என்ற பேச்சு பிள்ளைகளின் காதிலும் விழும். சம்பளத்தில் பிடித்தால் அவர் வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார், காசும் வந்துகொண்டே இருக்கும், மாதாமாதம் முகத்துக்கு முகம் நின்று கேட்க வேண்டியதும் இல்லை. இதனால்தான் மாதச் சம்பளக்காரரின் விடயத்தில் இந்த வழியை முதலில் யோசியுங்கள் என்று நாம் சொல்கிறோம்.

4. சம்பளப் பற்றுகைக் கட்டளைக்கு என்ன தேவை?

நீதிமன்றத்துக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தேவைப்படுவது தொழில்கொள்வோரின் சரியான பெயரும் விலாசமும். "அவரு தோட்டத்துல வேல செய்றாரு" என்று மட்டும் சொன்னால் போதாது. 1992இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டதிலிருந்து, பெரும்பாலான தோட்டங்கள் ஏதாவது ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் கீழ் இருக்கின்றன. சில தோட்டங்கள் அரச அமைப்புகளின் கீழும், இன்னும் சில தனியாரிடமும் உள்ளன. ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிசன், கம்பனியின் பெயர், தோட்ட முகாமையாளரின் தபால் விலாசம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள்.

அத்துடன் இவற்றையும் சேகரியுங்கள்:

- அவருடைய முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம். செக்றோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். இரண்டையும் எழுதுங்கள்.
- செக்றோல் இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம். பழைய சம்பளச் சீட்டு ஒன்று வீட்டில் கிடந்தால் இவை அதில் இருக்கும். பழைய சீட்டுகளை அடுப்பில் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.
- தாபரிப்புக் கட்டளையின் பிரதி, வழக்கு இலக்கம்.
- எந்த எந்த மாதம் கட்டவில்லை என்ற பட்டியல்.
- உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம்.

நீதவான் தேவையான விசாரணை செய்து, மறுபக்கத்தாரின் பேச்சையும் கேட்டு, கட்டளை பிறப்பிப்பார். மாதம் எவ்வளவு பிடிப்பது, யாருக்கு, எங்கே அனுப்புவது என்பதெல்லாம் கட்டளையில் இருக்கும். கட்டளை தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில், "அந்தாள் கையெழுத்து வைக்காம எங்களுக்குப் புடிக்க ஏலாதும்மா" என்று யாராவது சொன்னால், சங்கச் சந்தாவுக்கும் கடனுக்கும்தான் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், நீதிமன்றக் கட்டளைக்கு அவருடைய சம்மதம் வேண்டியதில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் அலுவலகத்தில் சண்டை போட வேண்டாம். எந்தத் திகதியில் யார் என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டு வந்து, அதே நீதிமன்றத்தில் சட்டத்தரணி மூலம் அறிவியுங்கள். கட்டளையை மதிக்க வேண்டிய பொறுப்பு தொழில்கொள்வோருக்கு உண்டு.

5. ஒரு கணக்குப் பார்ப்போம்

விளங்குவதற்காக ஒரு உதாரணம் எடுப்போம். ஒரு தொழிலாளி இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 6,000 ரூபாய்ப்படி மாதம் 12,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று கட்டளை. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவோம்.

அந்த மாதம் அவருக்கு 22 பேர் விழுந்தால் சம்பளம் 29,700 ரூபாய். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, அதாவது 2,376 ரூபாய். மீதி 27,324. தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், சந்தா, கோவில் காசு எல்லாம் சேர்த்து 3,500 போனால் 23,824. அதில் 12,000 பிடித்து அனுப்பினால் அவர் கைக்கு 11,824 ரூபாய் போகும். இரண்டு பக்கமும் சமாளிக்கக்கூடிய கணக்கு.

இனி அதே ஆள் மாதத்தில் 10 பேர் மட்டும் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 13,500. சேமலாப நிதிக்கு 1,080 போனால் 12,420. மற்றக் கழிவுகளும் போனால் 12,000 பிடிக்கவே முடியாது. அந்த மாதம் தாய்க்குக் குறைவாகத்தான் வரும். இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பிடிக்க முடியாமல் போன தொகை அழிந்துபோவதில்லை. கட்டளைப்படி அது நிலுவையாகவே இருக்கும். உங்கள் பட்டியலில் எழுதி வைத்து நீதிமன்றத்தில் கேட்கலாம். நிலுவையைத் தவணை முறையில் சேர்த்துப் பிடிக்கும்படியும் கேட்டுப் பார்க்கலாம்.

மற்றது, சிலர் கட்டளை வந்ததும் வேண்டுமென்றே முற்பணத்தையும் கடனையும் கூட்டிக்கொண்டு, "பாருங்க ஐயா, எனக்கு மிச்சமே இல்ல" என்று சீட்டைக் காட்டுவார்கள். சீட்டின் அடியில் இருக்கும் தொகையை மட்டும் பார்க்காமல், மேலே இருக்கும் மொத்தச் சம்பளத்தையும், எந்தக் கழிவு கட்டளைக்குப் பிறகு ஏறியது என்பதையும் உங்கள் சட்டத்தரணிக்குக் காட்டுங்கள்.

6. தொகையைக் கூட்டவும் குறைக்கவும் முடியுமா?

முடியும். நிலைமை மாறினால் கட்டளையை மாற்றித் தரும்படி இரண்டு பக்கத்தாரும் நீதிமன்றத்தைக் கேட்கலாம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. ஆனால் அதற்கு முன்னே போட்ட கட்டளையில் உள்ள தொகை தானாக ஏறுவதில்லை. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது போட்ட தொகையையே, அவன் சாதாரண தரம் படிக்கும்போதும் வாங்கிக்கொண்டிருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். சம்பளம் ஏறியது, பிள்ளையின் செலவு ஏறியது என்பதைக் காட்டிக் கூட்டிக் கேளுங்கள்.

அதேபோல, கட்ட வேண்டியவருக்குக் கடுமையான வருத்தம் வந்தாலோ வேலை போனாலோ அவரும் குறைத்துக் கேட்கலாம். கட்டாமல் ஒளிந்து திரிவதைவிட அதுதான் நேர்மையான வழி. இதை வாசிக்கும் சகோதரர்களுக்கும் சொல்கிறோம்: கோட்டுக்குப் போய் உண்மை நிலையைச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு மாதமும் நிலுவை ஏறும், பிறகு பிடியாணைதான் வரும். நீங்கள் கட்டியதற்கான பற்றுச்சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

7. தோட்டத்தை விட்டுப் போய்விட்டால்?

சம்பளப் பிடிப்பின் பலவீனம் இதுதான். கட்டளை குறிப்பிட்ட தொழில்கொள்வோருக்குப் போகிறது. அவர் அந்த வேலையை விட்டுவிட்டால் அங்கே பிடிக்கச் சம்பளம் இல்லை. கட்டளை வந்தவுடன் பேரை வெட்டிக்கொண்டு கொழும்புக்குக் கடை வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படிப் போனாலும் மூலத் தாபரிப்புக் கட்டளை அப்படியே இருக்கிறது. புதிய வேலை எங்கே என்று தெரிந்தால் அந்தத் தொழில்கொள்வோருக்குப் புதிதாகக் கட்டளை கேட்கலாம். ஆகவே கடையின் பெயரையும் தெருவையும் விசாரித்து எழுதி வையுங்கள். அந்த இடத்தில் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்பதும் உதவும். சம்பளச் சீட்டே இல்லாத நாட்கூலியாக இருந்தால் சம்பளப் பிடிப்பு சரிவராது. அப்போது மூன்றாம் பகுதியில் சொன்ன மற்ற இரண்டு வழிகளைத்தான் நாட வேண்டும்.

இப்போது பல தோட்டங்களில் தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கொழுந்தின் கிலோவுக்குக் காசு கொடுக்கும் முறையும் நடக்கிறது. இதில் வருவது நாட்சம்பளம் அல்ல. இப்படியான இடத்தில் எந்தப் பெயரில், எந்தக் கணக்கில், மாதம் எத்தனை கிலோவுக்குக் காசு போகிறது என்ற விபரங்களைச் சட்டத்தரணியிடம் கொடுத்து ஆலோசனை கேட்டபின் மனுப் போடுங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்பவரின் முதலாளியிடம் இங்கிருந்து இலகுவாகப் பிடிக்க முடியாது. அவருக்கு இங்கே காணி, வங்கிக் கணக்கு, வாகனம் ஏதாவது இருந்தால் அந்த விபரத்தைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

8. கடன்காரரும் இப்படிச் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

இந்தப் பாடத்தைப் படிக்கும்போது இந்தக் கேள்வி கட்டாயம் எழும். "வட்டிக்காரரும் கோட்டுக்குப் போயி எங்க சம்பளத்தப் புடிச்சுக்கிருவாங்களா?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

சாதாரணக் கடன் வழக்குகள் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி நடக்கின்றன. அந்தக் கோவையின் 218ஆம் பிரிவு, தீர்ப்புக் கடனுக்காகக் கைப்பற்றக்கூடாதவை எவை என்று சொல்கிறது. தொழிலாளரின் கூலி அந்தப் பட்டியலில் இருக்கிறது. உடுப்பு, படுக்கை, தொழிலுக்கான ஆயுதங்கள் போன்றவையும் இருக்கின்றன. எதிர்காலத்தில் வரவேண்டிய தாபரிப்புப் பணத்தின் மீதுள்ள உரிமையும் கைப்பற்றப்பட முடியாதது. ஆகவே கடன்காரர் தீர்ப்பு எடுத்தாலும் தொழிலாளியின் கூலியில் கை வைக்க இந்தப் பிரிவு இடம் கொடுப்பதில்லை. மனைவி பிள்ளைகளின் தாபரிப்புக்குத் தனிச் சட்டம் தனி வழியைத் தந்திருக்கிறது. பிள்ளையின் வயிற்றையும் வட்டிக்காரரின் கணக்கையும் சட்டம் ஒரே தராசில் வைக்கவில்லை.

ஆனால் சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பை நாமே கைவிட்டுவிடுகிறோம். சம்பளம் விழும் வங்கிக் கணக்கின் காட்டையும் இரகசிய இலக்கத்தையும் வட்டிக்காரரிடம் கொடுத்து வைத்தால், நீதிமன்றத்துக்கே போகாமல் அவர் முழுச் சம்பளத்தையும் எடுத்துக்கொள்வார். எழுதாத கடதாசியில் கையெழுத்து வைப்பதும் அப்படித்தான். இரண்டையும் செய்யாதீர்கள். கடன் வழக்கு அழைப்பாணை வந்தால் கட்டாயம் நீதிமன்றத்துக்குப் போங்கள். போகாவிட்டால் சொல்லாத கணக்குக்கும் தீர்ப்பாகிவிடும்.

9. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சம்பளத்துல புடிச்சா ஆத்திரத்துல அடிப்பாரோன்னு பயமா இருக்குங்க."
அடி, மிரட்டல் இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். பயத்தில் பிள்ளையின் காசை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

"நானும் கொழுந்தெடுத்துச் சம்பளம் வாங்குறேன். எனக்குக் கெடைக்குமா?"
உங்களுக்கென்று கேட்பதில் உங்கள் வருமானத்தையும் நீதவான் பார்ப்பார். ஆனால் நீங்கள் சம்பாதிக்கிறீர்கள் என்பதால் தகப்பனின் கடமை நீங்கிவிடாது. பிள்ளைகளுக்காகக் கேளுங்கள்.

"இப்ப நாங்க சேந்துட்டோம். கேஸ என்ன செய்றது?"
சேர்ந்தது நல்ல விடயம். நீதிமன்றத்தில் அதை அறிவித்துவிடுங்கள். அறிவிக்காவிட்டால் பிடிப்பு தொடரும், வீண் மனக்கசப்பு வரும். ஆனால், "எல்லாக் காசும் வாங்கிட்டேன்" என்று உண்மையில்லாத கடதாசி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

"தலைவர்மார் பேசித் தீத்து வைக்கலாமே?"
பேசித் தீர்ப்பதை நாமும் விரும்புகிறோம். ஆனால் பேசி முடித்த தொகையை நீதிமன்றத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதியாத பேச்சை வைத்துச் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

10. மாதர் சங்கங்கள் செய்யக்கூடியவை

தனியாகக் கோட்டுப் படி ஏறும் பெண்ணுக்கு, கூட ஒருவர் வந்தாலே பாதிப் பயம் போய்விடும். உங்கள் சங்கத்தில் இருவரை இதற்கென்று நியமியுங்கள். தவணைக்குப் போகும் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை ஒழுங்கு செய்யுங்கள். எழுதத் தெரியாத சகோதரிக்கு ஒரு கொப்பியில் மாதம், கட்ட வேண்டிய தொகை, வந்த தொகை, குறை என்று நான்கு வரிசை கோடு போட்டுக் கொடுங்கள். படிக்கும் பிள்ளைகள் மாதம் ஒருமுறை அதை நிரப்பிக் கொடுக்கலாம். இந்தக் கொப்பி நீதிமன்றத்தில் மிகவும் உதவும்.

கலந்துரையாடலுக்கு

1. நமது டிவிசனில் தாபரிப்புக் கட்டளை இருந்தும் காசு வராத தாய்மார் எத்தனை பேர்? அவர்கள் நீதிமன்றத்தில் மீண்டும் அறிவித்தார்களா?
2. நமது தோட்டத்தின் கம்பனிப் பெயரும் முகாமையாளரின் சரியான தபால் விலாசமும் எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போதே எழுதிக்கொள்வோம்.
3. நமக்குக் கிட்டிய சட்ட உதவி நிலையம் எங்கே இருக்கிறது? யார் போய் விசாரித்து வருவது?
4. உங்கள் கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்து ஒவ்வொரு கழிவும் எதற்கு என்று படித்துப் பாருங்கள். விளங்காத கழிவு எது?

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதி வைத்தால், தேவை வரும் நாளில் தேடி அலைய வேண்டியிராது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இதைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.